குறைகளைச் சொல்லி விற்ற குதிரை



நம் வீடுகளில் பூனை இருக்கும், புறா இருக்கும், குர்பானிக்காக வளரும் ஆடு இருக்கும். குதிரை வளர்க்கும் வீடுகள் இன்று மிகச் சில. எங்கள் வீடு ஏழாண்டுக் காலம் அந்தச் சிலவற்றுள் ஒன்றாக இருந்தது. கடந்த துல்ஹஜ் மாதத்தோடு அந்தக் காலம் முடிந்தது. எங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களைச் சுமந்த மட்டக்குதிரை வளரவில்லை. அதனை வேறோர் இல்லத்தில் சேர்ப்பிக்க வேண்டி வந்தபோது எழுந்த கேள்விகளையும், அவற்றுக்கு மார்க்கத்தில் கிடைத்த வழிகாட்டலையும் இங்கே எழுதுகிறேன். பயன் முடிந்துவிட்டதென்று நாம் கருதும் எந்த உயிருக்கும் இவை பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

எங்கள் ஊர் தேனி மாவட்டத்தில், முல்லைப் பெரியாற்றின் பாசனத்தில் நெல்லும் தென்னையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. என் கணவர் குடும்பம் இராவுத்தர் குடும்பம். இராவுத்தர் என்னும் பெயரே குதிரைவீரரைக் குறிப்பது என்பதை நீங்கள் அறிவீர்கள். படையில் குதிரையேறிய முன்னோரைப் பற்றிய செய்தி எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் என் மாமனாரின் தந்தை உத்தமபாளையத்தில் குதிரைவண்டி ஓட்டியவர். கொள்ளு அவிப்பதும், லாடம் கட்டும்போது காலைப் பிடித்துக்கொள்வதும் என் மாமனாருக்குச் சிறுவயது வேலைகள். பேருந்துகள் பெருகிக் குதிரைவண்டிகள் மறைந்த பின்னரும் குதிரையைப் பற்றிய அறிவு அவரிடம் மறையாமல் இருந்தது.

என் கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். ஏழாண்டுகளுக்கு முன் விடுப்பில் வந்திருந்தபோது எல்லோருமாகக் கொடைக்கானல் சென்றோம். ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விட்டுக்கொண்டிருந்த ஒருவர் தொழிலைக் கைவிட்டு ஊர் திரும்பும் முடிவில் இருந்தார். அவரிடமிருந்த குட்டையான பழுப்புநிறக் குதிரை மகனின் சட்டைப்பையிலிருந்த கடலைமிட்டாயைத் தானே எடுத்துத் தின்றது. மகளுக்கு அப்போது 8 வயது, மகனுக்கு 5. அன்றே இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். என் மாமனார் அதன் வாயைத் திறந்து பற்களைப் பார்த்து, “ஆறு வயசு இருக்கும். கால் நல்லா இருக்கு. கண்ணுலதான் குறும்பு இருக்கு” என்றார். ஒரு மாதம் கழித்து அது எங்கள் தென்னந்தோப்புக்கு வந்து சேர்ந்தது.

பெயர் வைத்தவன் மகன். நெய்யில் பொரித்துப் பாகில் ஊறவைத்த பாதுஷா இனிப்பின் நிறம் அதற்கு என்று சொன்னான். பெரியவர் அது பேரரசரைக் குறிக்கும் பாதுஷா என்று எண்ணிக்கொண்டார். இருவர் எண்ணமும் பொய்க்கவில்லை. இனிமைக்கும் குறைவில்லை, ஆணவத்துக்கும் குறைவில்லை.

மட்டக்குதிரை என்பது குதிரையின் குட்டியன்று. முழு வளர்ச்சியடைந்தும் உயரம் குன்றியிருக்கும் வகை. தோள்வரை அளந்தால் ஏறத்தாழ 147 செண்டிமீட்டருக்குள் இருப்பவற்றைப் பொதுவாக இப்பெயரால் அழைப்பார்கள். பாதுஷா அதைவிடவும் குட்டை. ஆனால் அறிவு நெட்டை. சேணம் பூட்டி வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். ஏறியவர் நாலடி போனதும் மூச்சை விடும். பட்டை தளர்ந்து சேணம் ஒருபக்கம் சரியும். நடத்தத் தெரியாதவர் ஏறினால் தென்னைமரத்தை ஒட்டியே நடந்து அவர் முழங்காலை உராயச் செய்யும். குளிப்பாட்டி முடித்த உடனே மண்ணில் புரளும். கொட்டிலின் கொக்கியை உதட்டால் தூக்கித் திறக்கும்; திறந்தபின் நேரே சமையற்கட்டின் பின்வாசலுக்கு வந்து நிற்கும். ஆண்டுக்கொருமுறை விடுப்பில் வரும் என் கணவரை அந்நியராகவே கருதி, முதல் வாரம் முழுவதும் அவரது சட்டைக்கையைக் கவ்வி இழுக்கும்.

அதன்மீதுதான் என் பிள்ளைகள் பொறுமையைக் கற்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஒருமுறை முரட்டு ஒட்டகமொன்றில் ஏறி, அதனை அங்குமிங்கும் திருப்பிக் கடுமை காட்டியபோது, மென்மையைக் கைக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. அதனை என் மாமனார் பிள்ளைகளிடம் பலமுறை சொல்வார். கடிவாளத்தை வெடுக்கென இழுத்தால் அன்றைய சவாரி முடிந்தது. இறங்கிக் கொட்டிலைக் கூட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த சட்டம். சினத்தில் வாய் நடுங்கும் மகன், குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே மூச்சைச் சீராக்கிக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். மதரஸாவில் மனனம் செய்த மென்மை வேறு. 200 கிலோ எடையுள்ள பிடிவாதத்தின் முன்னால் கடைப்பிடித்த மென்மை வேறு.

அந்த 200 கிலோ என்னும் எண்தான் பின்னர் எங்கள் கணக்கை மாற்றியது. குதிரை தன் எடையில் ஐந்திலொரு பங்கைச் சுமக்கலாம் என்பது பொதுவான அளவுகோல். சேணத்தோடு சேர்த்து பாதுஷாவுக்கு உரிய சுமை 40 கிலோ. மார்பின் சுற்றளவை நாடாவால் அளந்து எடையைக் கணித்த கால்நடை மருத்துவர், எங்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். மகள் 11 வயதோடு ஏறுவதை நிறுத்திக்கொண்டாள். கடந்த ஆண்டு மகனும் சேணமின்றியே 41 கிலோ ஆகிவிட்டான். பிராணிகளுக்கு அவற்றின் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாகாது என்பது நாம் அறிந்த நெறி. அன்று மாலை சேணத்தைத் துடைத்து எண்ணெய் பூசி மாட்டிவைத்தான். பிறகு அதை அவன் எடுக்கவில்லை.

ஏறுபவரில்லாத குதிரையை அப்படியே வைத்துக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் ஓராண்டு அப்படித்தான் வைத்திருந்தோம். குதிரை கூட்டமாக வாழும் இயல்புடையது. துணையும் நடையும் இல்லாமல் தீனி மட்டும் கிடைப்பது அதற்குச் சுகமன்று. பாதுஷா வேலிக் கட்டையைக் கடிக்கத் தொடங்கியது. கொட்டில் கதவை முன்காலால் உதைத்துக்கொண்டே இருந்தது. உடல் பருத்தது. உழைப்பின்றித் தானியம் தின்று பருக்கும் மட்டக்குதிரைகளுக்குக் குளம்பினுள் வீக்கம் கண்டு நடக்கவே இயலாமல் போகும் என்று மருத்துவர் எச்சரித்தார். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆதலால் வயிற்றுவலி வந்தாலும் உயிருக்கு ஆபத்து. இதற்கிடையே என் மாமனாரின் முழங்கால்கள் தளர்ந்தன. மகளுக்கு 15 வயதாகி, மேல்நிலைப் படிப்புக்காக மதுரையில் விடுதிக்குச் செல்லவிருந்தாள். தோப்பு, வீடு, முதியவர், குதிரை என நான்கையும் நான் ஒருத்தியாகப் பார்க்க வேண்டியிருந்தது.

அன்ஸாரி ஒருவரின் தோட்டத்திலிருந்த ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் கண்ணீர் சிந்தியதும், அவர்கள் அதன் உரிமையாளரை அழைத்து, அது பசியையும் களைப்பையும் முறையிடுவதாகக் கூறி அல்லாஹ்வை அஞ்சுமாறு எச்சரித்ததும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. அந்த ஒட்டகத்தின் முறையீடு மிகையான வேலையைப் பற்றியது. எங்கள் குதிரைக்கு வாயிருந்தால் தனிமையைப் பற்றி முறையிட்டிருக்கும். மட்டக்குதிரைகள் 25, 30 ஆண்டுகள் வாழக்கூடியவை. பாதுஷாவுக்கு வயது 13. அதன் வாழ்நாளில் ஏறத்தாழப் பாதி இன்னும் மிச்சமிருந்தது. அதனை எவரிடம் ஒப்படைக்கிறோமோ அவர் கையில்தான் அந்த மிச்ச வாழ்வு முழுவதும் இருக்கிறது என்னும் எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை.

முதலில் வந்தவர் ஒரு தரகர். வாயைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், பிறகு உடம்பிலுள்ள சுழிகளை நெடுநேரம் எண்ணினார். குறிப்பிட்ட இடத்தில் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது சந்தைகளில் இன்றும் வழங்கும் நம்பிக்கை. மயிர் வளரும் திசையில் நல்வாய்ப்போ கெடுவாய்ப்போ இல்லை என்பது நம் நம்பிக்கை. பறவையைக் கொண்டும் பிறவற்றைக் கொண்டும் சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் விலக்கியுள்ளார்கள். சுழி சுத்தமாக இருப்பதாக மகிழ்ந்த தரகர், துண்டைக் கையின்மேல் போட்டு, அதனடியில் என் மாமனாரின் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். சந்தை வழக்கம் அது. சுற்றி நிற்பவர்க்கு விலை தெரியாது. 40,000 ரூபாய். ஆடி மாதம் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில் எளிதாக விற்றுவிடலாம் என்றார்.

“கடிக்கும், பட்டையை இறுக்கும்போது ஏமாற்றும், கதவைத் திறந்துகொண்டு போய்விடும். வாங்குபவரிடம் இதையெல்லாம் சொல்வீர்களா?” என்று கேட்டேன்.

“அம்மா, அதையெல்லாம் நாமளே சொன்னா எவன் வாங்குவான்? ஆள் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நல்லா ஓட்டிக் களைக்க வெச்சிருவோம். சாது மாதிரி நிக்கும்” என்றார்.

அதனைக் கேட்டதும் எனக்குப் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஒரு தடை நினைவுக்கு வந்தது. விற்பதற்கு முன் சில நாள்கள் பாலைக் கறக்காமல் மடியிலேயே தேக்கி, அதிகம் பால் தரும் பிராணிபோல் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்து வாங்கியவர் பிராணியைத் திருப்பித் தரவும் உரிமையளித்தார்கள். மடியை நிறைத்துக் காட்டுவதற்கும் குதிரையைக் களைக்கவைத்துக் காட்டுவதற்கும் என்ன வேறுபாடு? இல்லாத சுழிக் குறையைத் தேடி அரைமணி செலவிட்ட மனிதர், இருக்கும் குறையை மறைக்க வழி சொன்னதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

குதிரை வாணிகத்தில் இப்படிப்பட்ட மறைப்பு புதியதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கு விற்கப்பட்டதையும், பேணத் தெரியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் குறித்துள்ளார். குதிரை வைத்தியம் அறிந்தவர்களை வணிகர்கள் இந்நாட்டுக்கு வரவிடுவதில்லை என்றும், குதிரைகள் மடிந்தால்தான் மீண்டும் விற்கலாம் என்பதே அவர்கள் எண்ணம் என்றும் அவர் எழுதுகிறார். விற்பனை முடிந்த இடத்தில் தம் பொறுப்பும் முடிந்தது என்று எண்ணிய வணிகம் அது. தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டாவதாக வந்தவர் ஒரு சுற்றுலா ஊரில் சவாரி விடுபவர். பெரியவர்களும் ஏறுவார்கள் என்றார். 40 கிலோ கணக்கைச் சொன்னோம். “அதெல்லாம் பார்த்தா பொழப்பு ஓடாது” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நிலை அது. எங்களால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

இதற்குள் உறவினர் சிலர் வேறோர் ஆலோசனை சொன்னார்கள். விலை வேண்டாம், ஏழை ஒருவருக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடுங்கள், நன்மையும் கிடைக்கும் என்றார்கள். கேட்பதற்கு அழகான யோசனை. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அவர்களிடம் இதுபற்றிக் கேட்டு வருமாறு என் கணவர் தொலைபேசியில் சொன்னார். ஹஜ்ரத் அவர்கள் உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் ஒருவருக்கு ஒரு குதிரையைக் கொடுத்தார்கள். பெற்றவர் அதனைச் சரிவரப் பேணவில்லை. குறைந்த விலைக்குக் கிடைக்குமென்று கருதி உமர் (ரலி) அவர்கள் அதனைத் திரும்ப வாங்க நாடியபோது, கொடுத்த தர்மத்தின்பால் மீளக்கூடாதென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு திர்ஹத்துக்குக் கிடைத்தாலும் வாங்கலாகாது என்னும் அளவுக்கு வலியுறுத்தினார்கள்.

“தர்மமாகக் கொடுத்தபின் அவர் எப்படி வைத்திருந்தாலும் நீங்கள் மீட்க நினைக்கக் கூடாது. தீனி போடச் சக்தியுள்ளவரா என்பதைக் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார்கள் ஹஜ்ரத். கொள்ளு, தவிடு, புல், ஆறேழு வாரத்துக்கொருமுறை குளம்பு செதுக்குதல், மருத்துவம் என்று குதிரைக்கு ஆகும் செலவை நான் அறிவேன். ஓர் ஏழைக்கு அதனைத் தர்மமாகக் கொடுப்பது, அவர் தலையில் ஒரு கடனைத் தூக்கி வைப்பதாகவே முடியும். அவர் விற்றுத்தான் தீர்வார். அப்போது அது யார் கையில் போய்ச் சேருமென்று எவருக்குத் தெரியும்? ஆகவே பேணும் வசதியுள்ள ஒருவருக்கு நியாயமான விலைக்கு விற்பது, அதிலிருந்து ஒரு பகுதியைத் தர்மம் செய்வது என்று முடிவெடுத்தோம்.

விற்பதானால் குறைகளைச் சொல்லியாக வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்னும் கருத்திலமைந்த, ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் நம் வீடுகளில் தெரியாததன்று. ஆனால் குதிரையின் குறும்பு குறையாகுமா, அது அதன் குணந்தானே என்று எனக்கோர் ஐயம் இருந்தது. அறிஞர்கள் அதையும் விட்டுவைக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூல், சவாரிப் பிராணி அடங்காமல் ஓடுவதையும் கடிப்பதையும் திருப்பித் தருவதற்குரிய குறைகளின் வரிசையில் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. நாங்கள் ஹனஃபி மத்ஹபைச் சார்ந்தவர்கள். அங்கும் முன்பே இருந்த, சொல்லப்படாத குறையைக் காண்பவருக்குத் திருப்பித் தரும் உரிமை உண்டு.

அன்றிரவு மகள் தன் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதத் தொடங்கினாள். தலைப்பு: ‘பாதுஷாவின் குறைகள்’. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டாள். ஒன்று, புதியவர் சட்டைக்கையைக் கவ்வும். இரண்டு, பட்டை இறுக்கும்போது வயிற்றை உப்பும். மூன்று, மரத்தோடு உராய்க்கும். குளிப்பாட்டியதும் புரளும். லாடம் கட்டுபவரின் பையைத் தூக்கி எறியும். இடிச் சத்தத்துக்கு அஞ்சும். எட்டாவதாக, கொக்கி போட்ட கதவைத் திறந்துகொண்டு தின்பண்டம் தேடிப் போகும், பூட்டுத்தான் தேவை. இப்படியே பதினொன்று வரை சென்றது. பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள் பன்னிரண்டாவதாக எழுதினாள்: ‘இதுவரை எந்தக் குழந்தையையும் கீழே தள்ளியதில்லை.’

“இது குறை இல்லையேம்மா” என்றேன்.

“உண்மைதானேம்மா? குறையை மறைச்சா பொய்னா, நல்லதை மறைச்சா மட்டும் சரியா?” என்றாள்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பற்றி ஹதீஸ் விரிவுரைகளில் வரும் ஒரு செய்தி அப்போது என் நினைவுக்கு வந்தது. அவர்களின் பணியாளர் அவர்களுக்காக 300 திர்ஹத்துக்கு ஒரு குதிரையை விலைபேசி வந்தார். குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி) அவர்கள், இது அதைவிட மதிப்புள்ளது என்று விற்பவரிடமே சொல்லி, விலையைப் படிப்படியாக உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்தார்கள். வாங்குபவர் தம் வாயாலேயே விலையை ஏற்றிய வியாபாரம்! குதிரையின் நிறையைச் சொல்வதும் நேர்மையின் பகுதிதான். பன்னிரண்டாவது வரியை அடிக்காமல் விட்டோம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். அவரிடம் வயதான பெட்டைக்குதிரை ஒன்று இருந்தது. அதன் துணைக்குதிரை இறந்துபோய் ஆறு மாதமாகத் தனியே நின்றது. அவருக்கு ஏழும் ஐந்துமாய் இரண்டு பிள்ளைகள். மகள் தாளை நீட்டினாள். அவர் நின்றவாறே படித்துவிட்டு, “என்ன பாய், இவ்வளவு குறை எழுதியிருக்கு! விக்கப் போறீங்களா, வேண்டாம்னு விரட்டப் போறீங்களா?” என்று சிரித்தார்.

“பின்னாடி நீங்க என்னை நினைச்சுத் திட்டக் கூடாதுல்ல” என்றார் என் மாமனார்.

முடிவு சொல்வதற்குமுன் நாங்கள் அவர் தோட்டத்துக்குச் சென்று பார்த்தோம். நான் கூரையையும் தண்ணீர்த் தொட்டியையும் வேலியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாமனார் ஊன்றுகோலோடு ஓரிடத்தில் நின்று, அந்த விவசாயி குரல் கொடுத்தபோது கிழட்டுக் குதிரை என்ன செய்தது என்பதை மட்டும் பார்த்தார். அது காதை முன்னே நீட்டிக்கொண்டு அவரிடம் நடந்து வந்தது. “போதும், வா போகலாம்” என்றார் என்னிடம். விலை 22,000 ரூபாய் என்று முடிந்தது. தரகர் சொன்னதைவிட 18,000 குறைவு. அந்தத் தொகை எங்களுக்குச் சிறியதன்று. மகளின் விடுதிக் கட்டணத்துக்கு அது உதவியிருக்கும். என் கணவரிடம் சொன்னபோது, “கடிச்ச சட்டைக்கெல்லாம் கணக்குப் பாத்தா இன்னும் கொறச்சிருக்கணும்” என்றார். பிறகு சற்று நேரம் பேசாமலிருந்து, “நல்ல இடமா?” என்று மட்டும் கேட்டார்.

ஹஜ்ரத் அவர்களின் வழிகாட்டலின்படி மூன்று நாள் பார்த்து முடிவு செய்யும் உரிமையை வாங்குபவருக்கு அளித்தோம். வியாபாரத்தில் இத்தகைய மூன்று நாள் உரிமைக்கு ஹதீஸில் அடிப்படை உண்டு. தமக்கு எப்போதேனும் வேண்டாமென்று தோன்றினால் பிறருக்கு விற்குமுன் எங்களிடம் சொல்வதாக அவரும் தாமாகவே வாக்களித்தார். அதனை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக்கவில்லை. ஒரு நல்ல மனிதரின் வாக்காகவே ஏற்றுக்கொண்டோம்.

புறப்படும் நாளன்று, நம் ஊர்களில் குட்டியானை என்றழைக்கப்படும் சிறு சரக்குவண்டி வந்தது. குட்டியானையில் குதிரை ஏறுவதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பாதுஷா மூன்றுமுறை ஏற மறுத்தது. நான்காம் முறை மகன் முன்னால் ஏறிக் கடலைமிட்டாயைக் காட்டியதும் பின்னாலேயே ஏறியது. என் மாமனார் அதன் நெற்றிமயிரைக் கோதிவிட்டார். குதிரைகளின் நெற்றிமயிரோடு இறுதிநாள்வரை நன்மை பிணைக்கப்பட்டிருப்பதாகக் கூறும் நபிமொழியை அவர் தம் தந்தையிடம் கேட்டு வளர்ந்தவர். பாதுஷா அவர் தோளிலிருந்த துண்டை உருவி வாயில் வைத்துக்கொண்டது. அவர் அதைத் திரும்ப வாங்கவில்லை.

மகன் அன்றிரவு சாப்பிடவில்லை. “நாம வித்துட்டோம்னு அவனுக்குத் தெரியுமாம்மா? நம்மள மறந்துடுவானா?” என்று கேட்டான். இத்தகைய நேரத்தில், ஒரு விலங்குக்காக அழலாமா என்று பிள்ளைகளை அடக்கிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அனஸ் (ரலி) அவர்களின் சிறிய தம்பி அபூ உமைர் வளர்த்த சிட்டுக்குருவி போன்ற பறவை இறந்துபோனபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறுவனின் துயரை அற்பமாகக் கருதாமல், அந்தப் பறவையின் பெயரையே சொல்லி விசாரித்து அன்பு பாராட்டினார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பொறுப்பிலிருந்தவர்களுக்கு ஒரு பறவையின் பெயர் தெரிந்திருந்தது! நானும் மகன் அருகில் அமர்ந்து, பாதுஷா செய்த குறும்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். சொல்லச் சொல்ல அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன. பழகிய மனிதரைக் குதிரை நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும் என்று அவன் பாட்டனார் உறுதி சொன்னார்.

மூன்று நாள் கடந்தது. குதிரை திரும்பி வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அந்த விவசாயி தொலைபேசியில் அழைத்தார். அவர் வீட்டில் காதணி விழா. முந்தைய இரவு பாதுஷா கதவைத் திறந்துகொண்டு பந்தலுக்குள் புகுந்து, ஒரு வாழைத்தாரில் இரண்டு சீப்பைத் தின்றுவிட்டதாம். என் நெஞ்சு திக்கென்றது. அவரோ உரக்கச் சிரித்துக்கொண்டே, “பாப்பாகிட்ட சொல்லுங்கக்கா, பட்டியல்ல எட்டாம் நம்பர் சரியா இருக்குன்னு. பூட்டு வாங்காதது என் தப்பு” என்றார். பெட்டைக்குதிரையும் பாதுஷாவும் ஒன்றையொன்று விட்டு நகர்வதில்லை என்றும், வேலியைக் கடிப்பதில்லை என்றும் சொன்னார். குறையை மறைத்து விற்றிருந்தால் அந்த அழைப்பு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன். ஹதீஸில் சொல்லப்படும் பரக்கத் என்னும் சொல்லுக்கு அன்றைய அந்தச் சிரிப்பையே நான் பொருளாகக் கொண்டேன்.

சகோதர சகோதரிகளே! பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய முயல், கிளி, பூனை, ஆடு எதுவாயினும், பிள்ளைகளின் ஆசை அதன் ஆயுளைவிடக் குறுகியது என்பதை மனத்தில் வையுங்கள். கைமாற்ற நேர்ந்தால் ஒரு தாளை எடுத்து அதன் குறைகளையும் நிறைகளையும் பிள்ளைகளைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். போகுமிடத்தைக் கண்ணால் பாருங்கள். அங்குள்ள பிராணிகள் தம் எசமானரைக் கண்டு நெருங்கி வருகின்றனவா, விலகி ஓடுகின்றனவா என்று கவனியுங்கள். தர்மமாகக் கொடுப்பதானால் பெறுபவரின் வசதியை முன்பே அறிந்துகொள்ளுங்கள். வாங்குபவர் எந்தச் சமயத்தவராயினும் அவரிடம் உண்மையைச் சொல்வது நம் கடமை.

மகளின் கையெழுத்திலிருந்த தாளை அந்த விவசாயி கொட்டில் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். பதின்மூன்றாவதாகத் தாம் ஒன்றைச் சேர்த்திருப்பதாகவும் சொன்னார். அது என்னவென்று மட்டும் சொல்லவில்லை. நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு மகள் வந்ததும் எல்லோருமாகச் சென்று படித்துவர வேண்டும், இன்ஷா அல்லாஹ்.

நம் பொறுப்பிலிருக்கும் வாயில்லா ஜீவன்களின் விஷயத்தில் நம்மைக் குற்றவாளிகளாக்காமல் அல்லாஹ் காத்தருள்வானாக! நம் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் பரக்கத்தையும் நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.